நைன் சிங் ராவத்

நைன் சிங் ராவத் (பிறப்பு: அக்டோபர் 21, 1830) பத்தொன்பதாம் நூற்றாண்டில் திபெத்தை இரகசியமாக அளந்து நிலப்படத்தில் சேர்த்த இந்திய நாடாய்வாளர் ஆவார். குமாவுன் மலைப்பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த இவர், பண்டிதர் என்ற பட்டப் பெயராலேயே நெடுங்காலம் அறியப்பட்டார். வெளிநாட்டவர் நுழைய முடியாதிருந்த இலாசா நகரின் அமைவிடத்தையும் உயரத்தையும் நேரில் கணித்தவர் இவரே. திபெத்தில் சாங்போ எனப்படும் பிரம்மபுத்திரா ஆற்றின் மேற்பகுதியையும் இவர் நடந்தே அளந்தார். 1877 ஆம் ஆண்டில் இலண்டன் அரச புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது.

பின்னணி

இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை தமிழ்நாட்டில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் 1802, ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்கு அருகில் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் அடுத்தடுத்து வரையப்பட்டுத் தெற்கே குமரிப் பக்கமும் பின்னர் வடக்கே இமயமலை அடிவாரம் வரையும் நீண்டன. நாட்டின் நெடுவரைகள் சென்னை வானாய்வகத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு கணிக்கப்பட்டன.

லாம்டன் பயன்படுத்திய கோணமளக்கும் கருவி ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. உயரமான குன்றுகள் இல்லாத சமவெளிகளில் கோயில் கோபுரங்களின் மேல் அதனை ஏற்றி அளந்தனர். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அக்கருவி சேதமடைந்தது. இத்தகைய அளவைக்குப் பெரும் ஆட்படையும், அளக்கப்படும் நாட்டின் மீது அதிகாரமும் தேவைப்பட்டன.

எனவே இமயத்தின் தென்புறச் சிகரங்களைத் தொலைவிலிருந்து அளக்க முடிந்த அளவைத் துறையால், அவற்றுக்கு அப்பாலுள்ள நிலத்தை அளக்க இயலவில்லை. சீனப் பேரரசின் மேலாண்மையில் இருந்த திபெத், ஐரோப்பியர் எவரையும் உள்ளே விடவில்லை. அவர்களுக்கு உதவுவோரும் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர். இலாசா எங்கே உள்ளது என்பது கூடச் சீனாவில் முன்னர் செய்யப்பட்ட அளவைகளைக் கொண்டே ஊகிக்கப்பட்டு வந்தது. பெரிய கருவிகள் செல்ல முடியாத அந்நிலத்தைத் தனிமனிதர் ஒருவரின் காலடிகளால் அளக்க முடியுமா என்ற கேள்விக்கு விடையாக அமைந்ததே நைன் சிங்கின் வாழ்க்கை.

பிறப்பும் இளமையும்

நைன் சிங், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் பித்தோராகர் மாவட்டத்தில், சோகார் பள்ளத்தாக்கிலுள்ள மீலம் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை அமர் சிங். கோரிகங்கை ஆறு பிறக்கும் மீலம் பனியாற்றின் அருகில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இவ்வூர் உள்ளது. குளிர்காலத்தில் ஊரே பனியால் மூடப்படுவதால் மக்கள் கீழுள்ள முன்சியாரி போன்ற இடங்களுக்கு இறங்கிச் சென்று, கோடையில் திரும்பி வருவது வழக்கம்.

இப்பகுதியில் வாழும் சௌக்கா மக்கள் இமயக் கணவாய்களைக் கடந்து திபெத்துடன் வணிகம் செய்து வந்தனர். தானியமும் துணியும் இங்கிருந்து சென்றன; உப்பும் கம்பளியும் வெண்காரமும் அங்கிருந்து வந்தன. ஆடுகளே சுமை விலங்குகளாகப் பயன்பட்டன. நைன் சிங்கும் இளமையிலேயே தந்தையுடன் மேற்குத் திபெத்தின் சந்தைகளுக்குச் சென்று, திபெத்திய மொழியையும் அந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களையும் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் இவரது உயிரைக் காத்தவை இவையே எனலாம்.

1855 முதல் 1857 வரை செருமானிய ஆய்வாளர்களான சிலாகின்ட்வைட் சகோதரர்களிடம் நைன் சிங் பணியாற்றினார். அவர்களுடன் மானசரோவர் ஏரிப் பகுதிக்கும் இலடாக்குக்கும் சென்றபோது அளவைக் கருவிகளைக் கையாளும் முறையை ஓரளவு அறிந்தார். தங்களுடன் ஐரோப்பாவுக்கு வருமாறு அவர்கள் விரும்பியபோது, அதனை ஏற்காமல் ஊர் திரும்பினார். அச்சகோதரர்களுள் ஒருவரான அடால்ஃப், 1857 ஆம் ஆண்டில் காசுகர் நகரில் ஒற்றர் என்று ஐயுறப்பட்டுத் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நிலங்களில் அளவைப் பணி எத்தகைய ஆபத்தை உடையது என்பதற்கு அவரது முடிவு ஓர் எடுத்துக்காட்டாகும்.

1858 இல் நைன் சிங் கல்வித் துறையில் சேர்ந்து, மீலத்தில் இருந்த அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். ஆசிரியரைப் பண்டிதர் என்று அழைப்பது அங்குள்ள வழக்கம். இப்பெயரே பின்னர் இவருக்கும், இவரைப் பின்பற்றி இரகசிய அளவையில் ஈடுபட்ட அனைவருக்கும் பொதுப் பெயராயிற்று.

நில அளவைத் துறையில் சேர்தல்

காசுமீரில் அளவைப் பணி செய்துகொண்டிருந்த தாமசு மாண்ட்கோமரி என்ற படை அதிகாரி, ஐரோப்பியர் செல்ல முடியாத எல்லைகளை உள்ளூர் மக்கள் தடையின்றிக் கடந்து செல்வதைக் கவனித்தார். அவர்களுக்கே அளவையைக் கற்பித்து அனுப்பலாம் என்ற திட்டத்தை 1862 இல் முன்வைத்தார். முதலில் அப்துல் அமீது என்பவர் 1863 இல் இலடாக்கிலிருந்து யார்க்கண்ட் நகருக்கு அனுப்பப்பட்டார். அவர் தம் பணியை முடித்துத் திரும்பும் வழியில் இறந்தார். அவரது குறிப்புகள் மட்டும் மீட்கப்பட்டன. ஓர் ஆளின் உயிர் போயிருப்பினும், முறை பயன் தரும் என்பதை அக்குறிப்புகள் காட்டின.

திபெத்துக்கு அனுப்பத் தக்கவர்களாகக் கல்வித் துறை அதிகாரி எட்மண்டு சிமித்து என்பவர் பரிந்துரைத்ததன் பேரில், நைன் சிங்கும் அவரது உறவினரான மணி சிங்கும் 1863 இல் டேராடூனில் இருந்த அளவைத் தலைமையகத்துக்கு வரவழைக்கப்பட்டனர். அங்கு இருவரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றனர். இவர்களுடைய பெயர்கள் ஆவணங்களில் மறைக்கப்பட்டன. நைன் சிங் பண்டிதர் அல்லது முதன்மைப் பண்டிதர் என்றே குறிக்கப்பட்டார்.

அளவை முறை

பிறர் ஐயுறாத வகையில் தூரம், திசை, அகலாங்கு (அட்சரேகை), உயரம் ஆகிய நான்கையும் அளக்கும் வழிகள் வகுக்கப்பட்டன.

தூரம்: மேடு, பள்ளம், சமவெளி எங்கும் ஒரே நீளமுள்ள அடி வைத்து நடக்க இவர்கள் பழக்கப்பட்டனர். ஏறத்தாழ 2,000 அடிவைப்புகள் ஒரு மைல் ஆகும். எண்ணிக்கை தவறாதிருக்கச் செபமாலை பயன்பட்டது. பௌத்தர்களின் மாலையில் 108 மணிகள் இருக்கும். இவர்களது மாலையில் எண்ணுவதற்கு எளிதாக 100 மணிகளே கோக்கப்பட்டன. நூறு அடிகளுக்கு ஒரு சிறுமணி தள்ளப்படும். பத்தாவது மணி ஒவ்வொன்றும் பெரிய உருத்திராக்கமாக இருந்ததால், அது ஆயிரம் அடிகளைக் குறித்தது. மாலை ஒருமுறை சுற்றி வந்தால் 10,000 அடிகள், அதாவது ஐந்து மைல். சான்றாக, சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 மைல் தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஆரம்பாக்கம் வரை இம்முறையில் அளப்பவர் 80,000 அடிகள் வைத்து, 800 மணிகளைத் தள்ளி, மாலையை எட்டு முறை சுற்றியிருப்பார். நைன் சிங்கின் முதல் பயணம் இதைப் போல் முப்பது மடங்கு நீளமானது. அதன் பெரும்பகுதி 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது.

திசை: சிறிய திசைகாட்டியால் பாதையின் திசை குறிக்கப்பட்டது. திபெத்தியர் கையில் வைத்துச் சுழற்றும் பிரார்த்தனை உருளையின் உள்ளே வழக்கமாக மந்திரச் சுருள் இருக்கும். இவர்களது உருளையில் அதற்குப் பதிலாகக் குறிப்பு எழுதும் தாள் வைக்கப்பட்டது. பிரார்த்தனையில் ஈடுபட்டிருப்பவரை எவரும் பேச்சுக் கொடுத்துக் குறுக்கிடுவதில்லை என்பது, அடிகளை எண்ணுபவருக்குப் பெரிதும் உதவியது.

அகலாங்கு: பெட்டியொன்றின் மறைவான அறையில் செக்ஸ்டண்ட் என்ற கோணமளக்கும் கருவி வைக்கப்பட்டது. இதனால் கதிரவன் அல்லது விண்மீனின் உயரக் கோணத்தை அளந்து ஓரிடத்தின் அகலாங்கைக் கணிக்கலாம். மலைகள் சூழ்ந்த இடத்தில் அடிவானம் தெரியாது. எனவே பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, அதன் அசைவற்ற பரப்பில் தெரியும் விண்மீனின் நிழலுருவைப் பயன்படுத்தினர். பாதரசம் தேங்காய் ஓட்டினுள்ளும், மெழுகால் அடைக்கப்பட்ட சோழிகளிலும் எடுத்துச் செல்லப்பட்டது. தேநீர் அருந்தும் மரக்கிண்ணமே அதனை ஊற்றும் பாத்திரமாயிற்று.

உயரம்: உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், இலாசாவில் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும். வெப்பமானியைக் கொதிநீரில் இட்டுப் பார்த்து உயரம் கணிக்கப்பட்டது. அடுப்பில் தேநீருக்கு நீர் வைக்கும் பயணியை யாரும் ஐயுறுவதில்லை.

இலாசாப் பயணம் (1865-1866)

நைன் சிங்கும் மணி சிங்கும் 1865 ஜனவரியில் டேராடூனிலிருந்து புறப்பட்டு, மார்ச் மாதத்தில் நேபாளத்தின் காத்மாண்டுவை அடைந்தனர். குதிரை வாங்கவும் புனிதத் தலங்களை வழிபடவும் செல்லும் மலைநாட்டு வணிகர்கள் என்று தங்களைக் கூறிக்கொண்டனர். திபெத்திய எல்லையான கீரோங்கில் அதிகாரிகள் இவர்களது மூட்டைகளைச் சோதித்தனர். மறைத்து வைத்த கருவிகள் அகப்படவில்லை எனினும், வணிகர்கள் வழக்கமாக வராத வழியில் வந்ததால் ஐயம் எழுந்தது. இருவரும் திருப்பி அனுப்பப்பட்டனர்.

காத்மாண்டுவில் இருவரும் பிரிந்தனர். மணி சிங் மேற்கு நேபாளத்தின் வழியே சென்றார். நைன் சிங் இலடாக்கியரைப் போலச் சடை தரித்து, சூன் மாதத்தில் மீண்டும் புறப்பட்டார். இம்முறை எல்லையைக் கடக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அவ்வாண்டில் இலாசாவுக்குச் செல்வதில்லை, சென்றால் உயிரை இழக்கச் சம்மதம் என்று அவரிடம் எழுதி வாங்கப்பட்டது. அவர் செல்ல வேண்டியிருந்த இடமோ இலாசா.

செப்டம்பரில் சாங்போ ஆற்றுப் பகுதியிலுள்ள திராதோமை அடைந்த நைன் சிங், நோயுற்றவர் போல் நடித்துத் தம்முடன் வந்த வணிகர்களிடமிருந்து விலகினார். இலடாக்கிலிருந்து இலாசாவுக்குச் செல்லும் வணிகக் கூட்டம் வரும்வரை காத்திருந்து, அதனுடன் சேர்ந்துகொண்டார். பகலில் கூட்டத்துடன் நடந்து அடிகளை எண்ணுவதும், இரவில் மற்றவர் உறங்கியபின் விண்மீன்களை அளப்பதும் இவரது அன்றாடப் பணியாயின.

அக்டோபர் 29 அன்று சிகாட்சே நகரை அடைந்தார். அங்குள்ள தாசிலுன்போ மடத்தில் பஞ்சன் லாமாவைக் காணக் கூட்டத்தாருடன் இவரும் செல்ல வேண்டியதாயிற்று. மனிதர் மனத்தில் உள்ளதை லாமா அறிவார் என்று மக்கள் நம்பினர். வேடம் பூண்டு வந்த நைன் சிங் அச்சத்துடனேயே சென்றார். பதினொரு வயதுச் சிறுவரான லாமா, எல்லோரிடமும் கேட்பது போல, உங்கள் அரசர் நலமா, நாடு செழிப்பாக உள்ளதா, நீங்கள் நலமா என மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு அனுப்பினார்.

1866, ஜனவரி 10 அன்று நைன் சிங் இலாசாவை அடைந்தார். அங்கு மூன்று மாதங்களுக்கு மேல் தங்கினார். கையிருப்புத் தீர்ந்ததால், நேபாள வணிகர்களுக்குக் கணக்கு எழுதும் முறையைக் கற்பித்துப் பிழைத்தார். போத்தலா அரண்மனையில் சிறுவராயிருந்த பன்னிரண்டாம் தலாய் லாமாவையும் கண்டார். நகரின் அகலாங்கைப் பலமுறை அளந்தார். கொதிநீர் முறையில் இவர் குறித்த உயரம் ஏறத்தாழ 11,700 அடி. இன்றைய அளவையின்படி அது ஏறத்தாழ 12,000 அடியாகும். தேநீர்ப் பாத்திரத்தையும் வெப்பமானியையும் மட்டுமே கொண்டு அளந்ததற்கு இவ்வேறுபாடு மிகச் சிறியதாகும்.

இலாசாவில் இவரது உண்மையை இருவர் கண்டுபிடித்தனர். காசுமீர வழிவந்த இசுலாமிய வணிகர்களான அவர்கள், வேடத்தை ஊடுருவி அறிந்து, இவரையே ஒப்புக்கொள்ளச் செய்தனர். எனினும் இரகசியத்தை வெளியிடவில்லை. மாறாக, இவரது கடிகாரத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டு சிறிது பணமும் தந்தனர். அவர்கள் பேசியிருந்தால் இப்பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்கிடையில், அனுமதியின்றி நகருக்கு வந்த சீனர் ஒருவர் மக்கள் முன்னிலையில் தலை வெட்டப்பட்டதை நைன் சிங் கண்டார். இலாசாவுக்குச் செல்வதில்லை என்று தாம் உறுதி எழுதித் தந்த கீரோங் ஆளுநரையே ஒருநாள் நகரத் தெருவில் கண்டார். உடனே தங்குமிடத்தை மாற்றிக்கொண்டு, வெளியே வருவதைப் பெரும்பாலும் தவிர்த்தார். ஏப்ரல் 21 அன்று இலடாக்கிய வணிகர்கள் ஊர் திரும்பியபோது அவர்களுடன் புறப்பட்டு, சாங்போவின் கரையோரமாக மேற்கே நடந்து மானசரோவரை அடைந்து, இமயத்தைக் கடந்து தாயகம் வந்தார். 1866 அக்டோபர் 27 அன்று டேராடூனை அடைந்தார்.

இப்பயணத்தில் இவர் ஏறத்தாழ 1,200 மைல் பாதையை 25 இலட்சம் அடிகளால் அளந்திருந்தார். 31 இடங்களின் அகலாங்குகளும் 33 இடங்களின் உயரங்களும் கணிக்கப்பட்டன. அகலாங்குகளை அடிக்கணக்குடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவர் எண்ணிய தூரங்கள் நம்பத் தக்கவை என்பது உறுதியானது.

தங்க வயல் பயணம் (1867)

மேற்குத் திபெத்தின் தங்கச் சுரங்கங்களைப் பற்றி அறிய, 1867 இல் நைன் சிங், மணி சிங், கல்யாண் சிங் ஆகிய மூவரும் அனுப்பப்பட்டனர். பவளம் விற்றுக் கம்பளி வாங்கும் வணிகர்களாக வேடமிட்டு, பத்ரிநாத்துக்கு வடக்கிலுள்ள மானா கணவாய் வழியே சென்றனர். ஆகஸ்ட் இறுதியில் தோக் சாலுங் என்ற தங்க வயலை அடைந்தனர். 16,330 அடி (ஏறத்தாழ 4,980 மீட்டர்) உயரத்திலுள்ள அவ்விடத்தின் குளிர்காற்று தாங்க இயலாததாக இருந்தது. தொழிலாளர்கள் நிலத்தில் ஏழெட்டு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதனுள் யாக் எருதின் மயிரால் ஆன கூடாரங்களை அடித்து வாழ்ந்தனர். இரவில் முழங்கால்களையும் முழங்கைகளையும் நிலத்தில் ஊன்றிக் குனிந்து, இருக்கும் துணிகளையெல்லாம் முதுகில் போர்த்தி உறங்கினர்.

கோடையைவிடக் குளிர்காலத்திலேயே அங்கு அதிகமானோர் வேலை செய்தனர் என்பதை நைன் சிங் பதிவு செய்தார். மண் உறைந்து இறுகிவிடுவதால் குழியின் பக்கங்கள் சரியாமல் இருப்பதே இதற்குக் காரணம். தங்க வயலின் தலைவர், கருவி மறைத்திருந்த பெட்டியைக் கண்டு ஐயுற்றார். அவருக்குப் பவளமும் புகையிலையும் கொடுத்துச் சமாளித்து, சில நாட்கள் தங்கியபின் திரும்பினர். இப்பயணத்தால் ஏறத்தாழ 18,000 சதுர மைல் பரப்பு நிலப்படத்தில் சேர்ந்தது. சிந்து ஆற்றின் கிழக்குக் கிளையின் போக்கும் தெளிவாயிற்று. 1868 இல் அரச புவியியல் கழகம் நைன் சிங்குக்குத் தங்கக் கடிகாரம் ஒன்றை அளித்தது.

கடைசிப் பயணம் (1873-1875)

1873 இல் டக்ளசு ஃபோர்சைத்து தலைமையில் யார்க்கண்டுக்கும் காசுகருக்கும் சென்ற தூதுக்குழுவில் நைன் சிங் அளவையாளராகச் சேர்க்கப்பட்டார். அது முடிந்தபின், அக்குழுவில் இருந்த என்றி திராட்டர் என்ற அதிகாரியின் திட்டப்படி, இலே நகரிலிருந்து வடக்கு வழியாக இலாசா செல்லும் பணியை ஏற்றார்.

1874, சூலை 15 அன்று நான்கு அல்லது ஐந்து துணைவர்களுடனும் 26 ஆடுகளுடனும் இலேயிலிருந்து புறப்பட்டார். ஆடு மேய்க்கும் கூட்டமாகத் தோன்றவும், சுமைகளைக் கொண்டு செல்லவும் ஆடுகள் பயன்பட்டன. மக்கள் வாழும் பகுதியைக் கடந்ததும் லாமா உடையை அணிந்துகொண்டார். பாங்கோங் ஏரியைக் கடந்து சாங்தாங் என்ற உயர்ந்த குளிர்ப் பீடபூமியின் வழியே கிழக்கு நோக்கி நடந்தார். மரமே இல்லாத அந்நிலத்தில் உப்பு ஏரிகளும், காட்டுக் கழுதைகளும், இடையர் கூடாரங்களும் மட்டுமே தென்பட்டன. வழியில் பல ஏரிகளையும், பெரிய நம்சோ ஏரிப் பகுதியையும், அதன் தெற்கிலுள்ள பனிமலைத் தொடரையும் குறித்தார். வழியில் கிடைத்த புல்லை மட்டுமே மேய்ந்து, சுமையுடன் ஆயிரம் மைலுக்கு மேல் நடந்து பயணத்தை முடித்த ஆடுகள் நான்கைந்து மட்டுமே.

நவம்பர் 18 அன்று இலாசாவை அடைந்தார். அங்கு இலேயைச் சேர்ந்த, தம்மை அறிந்த வணிகர் ஒருவர் இருப்பதைக் கண்டதும், காட்டிக் கொடுக்கப்படலாம் என்று அஞ்சி இரண்டே நாட்களில் வெளியேற முடிவு செய்தார். அதற்கு முன் தம்முடைய அளவைக் குறிப்புகள் அனைத்தையும் இரு துணைவர்களிடம் கொடுத்து இலேக்கு அனுப்பினார். தாம் பிடிபட்டாலும் உழைப்பு வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அக்குறிப்புகள் பத்திரமாகச் சென்று சேர்ந்தன. நைன் சிங் வடக்கிலுள்ள மடத்துக்குச் செல்பவர் போலப் புறப்பட்டு, இருட்டியபின் தெற்கே திரும்பினார்.

சாங்போவைக் கடந்து, டிசம்பர் 24 அன்று தவாங்கை அடைந்தார். அசாம் வணிகத்தைத் தங்கள் கையில் வைத்திருந்த அவ்வூரார் இவரை மேற்கொண்டு செல்ல விடாமல் 1875 பிப்ரவரி 17 வரை நிறுத்தி வைத்தனர். பின்னர் மார்ச் 1 அன்று அசாமின் உதல்குரியை அடைந்தார். பாங்கோங் ஏரிக்கு அருகிலிருந்து உதல்குரி வரை இவர் அளந்த தூரம் 1,319 மைல். அதில் ஏறத்தாழ 1,200 மைல் அதற்கு முன் எவராலும் அளக்கப்படாதது.

பயணங்களின் சுருக்கம்

* 1865-1866: காத்மாண்டு, திராதோம், சிகாட்சே, இலாசா, மானசரோவர்
* 1867: மானா கணவாய், தோக் சாலுங் தங்க வயல்
* 1873-1874: இலே, யார்க்கண்ட், காசுகர் தூதுக்குழு
* 1874-1875: இலே, சாங்தாங், இலாசா, தவாங், உதல்குரி

விருதுகளும் இறுதிக் காலமும்

நெடுங்காலக் குளிரும் பட்டினியும், இரவுதோறும் விண்மீன்களை நோக்கியதும் நைன் சிங்கின் உடல்நலத்தையும் கண்பார்வையையும் பாதித்தன. 1875 க்குப் பின் இவர் நெடும்பயணம் மேற்கொள்ளவில்லை. புதிய அளவையாளர்களைப் பயிற்றுவித்தார். களப்பணியிலிருந்து விலகியபின், பெயரை மறைக்க வேண்டிய தேவை இல்லாமற்போனது. அதன் பின்னரே பண்டிதர் யார் என்பதை உலகம் அறிந்தது.

1877 இல் அரச புவியியல் கழகத்தின் புரவலர் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அக்கழகத்தின் மற்றொரு தங்கப் பதக்கத்தைப் பெற்றவர் ஆர்க்டிக் பயணத்துக்குத் தலைமை தாங்கிய சார்சு நாரேசு ஆவார். கப்பல்களுடனும் கடற்படையினருடனும் துருவத்தை நோக்கிச் சென்றவரும், ஆடுகளுடன் திபெத்தைக் கடந்தவரும் ஒரே ஆண்டில் பாராட்டப்பட்டது குறிப்பிடத்தக்கது. இந்திய அரசு இவருக்கு இந்தியப் பேரரசின் தோழர் என்னும் பட்டத்தையும், உரோகில்கண்ட் பகுதியில் மானிய நிலத்தையும் அளித்தது.

நைன் சிங் எழுத்தாளரும் ஆவார். அகலாங்குகளைக் கணிக்கும் முறையைக் கற்பிக்கும் அட்சாம்ச தர்ப்பண் என்ற நூலை இந்தியில் எழுதினார். தம் பயணங்களைப் பற்றிய நாட்குறிப்புகளையும் விட்டுச் சென்றார்.

இவர் இறந்த ஆண்டு குறித்து இரு கருத்துகள் உள்ளன. பழைய ஆங்கில நூல்கள் 1882 என்று குறிப்பிடுகின்றன. பிற்கால இந்திய ஆய்வாளர்கள் 1895, பிப்ரவரி 1 என்று குறிப்பிடுகின்றனர்.

தாக்கம்

நைன் சிங்கின் முறையைப் பின்பற்றிப் பலர் சென்றனர். இவரிடம் பயின்ற உறவினர் கிசன் சிங் 1878 முதல் 1882 வரை திபெத்தின் வடகிழக்கு வரை சென்று திரும்பினார். சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதானா என்று நைன் சிங்கின் பயணங்களுக்குப் பின்னும் எஞ்சிய கேள்விக்கு விடை காண, சிக்கிமைச் சேர்ந்த கிந்தூப் 1880 இல் அனுப்பப்பட்டார். அடிமையாக விற்கப்பட்டுத் தப்பிய பின்னும் அவர் தம் பணியைக் கைவிடாமல், அடையாளமிட்ட 500 மரத்துண்டுகளைச் சாங்போவில் மிதக்கவிட்டார்.

இவ்வளவைகள் அறிவுக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. நடு ஆசியாவில் உருசியாவுடன் பிரித்தானியருக்கு இருந்த போட்டியும் இவற்றுக்கு முக்கியக் காரணமாகும். தங்களை யாத்திரிகராக நம்பி இடமும் உணவும் அளித்த மக்களின் நாட்டை, அவர்கள் அறியாமல் அளக்க வேண்டிய நிலையில் பண்டிதர்கள் இருந்தனர். பல ஆண்டுகளுக்குப் பின், 1903-1904 இல் பிரான்சிசு யங்கசுபண்டு தலைமையில் பிரித்தானிய இந்தியப் படை இலாசாவுக்குள் நுழைந்தபோது, அந்நகரின் அமைவிடமும் அதற்கான வழிகளும் ஏற்கனவே நிலப்படத்தில் இருந்தன. எனவே நைன் சிங்கின் வாழ்க்கையை மதிப்பிடுவோர், அளவையின் துல்லியத்தையும் அது யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே காண வேண்டியுள்ளது.

நினைவு

1962 ஆம் ஆண்டின் இந்திய-சீனப் போருக்குப் பின் மீலம் வழியான திபெத்திய வணிகம் நின்றுபோனது. மக்களில் பெரும்பாலோர் வெளியேறியதால் இன்று அவ்வூரின் பல வீடுகள் இடிந்து கிடக்கின்றன.

முக்கோண நில அளவையின் இருநூறாம் ஆண்டை ஒட்டி, இந்திய அஞ்சல் துறை 2004, ஜூன் 27 அன்று வெளியிட்ட அஞ்சல் தலைகளில் ஒன்று நைன் சிங்கின் உருவத்தைக் கொண்டது. எவரெசுட்டு சிகரத்தின் உயரக் கணிப்போடு தொடர்புடைய இராதாநாத் சிக்தருக்கும் அப்போது அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. 2006 இல் உமா பட், சேகர் பாதக் ஆகியோர் நைன் சிங்கின் வாழ்க்கையையும் எழுத்துகளையும் தொகுத்து இந்தியில் வெளியிட்டனர். 2017, அக்டோபர் 21 அன்று, இவரது 187 ஆவது பிறந்த நாளில், கூகுள் நிறுவனம் தன் முகப்பில் இவரது சித்திரத்தை இட்டுச் சிறப்பித்தது.